நாற்பது லீற்றர்

இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி
தார் வீதியை விட்டு மணலில் இறங்கியபோது
தாங்கியில் நாற்பது லீற்றர்.
வானின் பின்கதவில் ‘பாடசாலைச் சேவை’
இரண்டு பூச்சுப் பச்சைக்கும் அடியிலிருந்து
இன்னும் எட்டிப் பார்க்கிறது.
பன்னிரண்டு பிள்ளைகள் நெருக்கியிருந்த இடத்தில்
ஒரு மடிப்புக் கட்டில்,
காஸ் அடுப்பு,
நான், பவித்திரன்.

கச்சான் காற்று.
சீனிப் போத்தலுக்குள்ளும் மணல்.

பல் துலக்க அரைக் கோப்பை.
சட்டி பானை கடலில்.
கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில்,
அந்தத் தண்ணீரையும் எறிவதில்லை,
அது கால் கழுவ.
மண்வெட்டியோடு போவது
தாழம்பற்றைக்கு அப்பால், நூறு எட்டு எண்ணி,
முழங்கை ஆழம்.
பவித்திரன் எண்பதில் நின்றுவிடுவான்.
எனக்குத் தெரியும்.

கூரையில் சூரியத் தகடு.
காகம் எச்சமிட்டால் முள் இறங்கும்.
என் முகத்தைவிட அந்த முள்ளைத்தான்
அதிகம் பார்க்கிறாய் என்கிறான்.
இருக்கலாம்.
முள் ஒளிப்பதில்லை.

“இந்தக் கணக்கெல்லாம் எங்க படிச்சனீ?”

சொல்லவில்லை.
கூடாரம் இலக்கம் எழுபத்தொன்று.
பத்து மணிக்கு பௌசர், தலைக்கு ஐந்து லீற்றர்.
வரிசையில் நின்றது வாளிகள்தான்,
நாங்கள் நிழல் தேடிப் போயிருந்தோம்.
அம்மா தலை முழுகிய நாளில்
உலை வைக்கவில்லை.
அதற்கும் காம்ப் என்றுதான் பெயர்.
மடிப்புக் கட்டில் விற்ற கொழும்புப் பெடியன்
சிரித்துச் சிரித்துச் சொன்னான்:
“காம்பிங் நல்ல விசயம், அக்கா.
மனசு லேசாகும்.”

மூன்றாம் நாள் பின்னேரம்
சாரத்தை மடித்துக் கட்டியபடி ஜௌபர் வந்தார்.
வாடியில் கரண்ட் இல்லை,
தோணி விளக்கின் பற்றறி செத்துக் கிடக்கிறது.
“உங்கட வானுக்கு வெயில் கரண்ட் குடுக்குதாமே.
கொஞ்சம் ஏத்தித் தர ஏலுமா, தங்கச்சி?”

முள்ளைப் பார்த்தேன்.
அவர் விளக்கு அல்லது எங்கள் விசிறி.
பவித்திரன் என்னைப் பார்த்தான்.

செருகினேன்.

இரவு விசிறி நின்றது.
காற்றும் அன்றைக்கென்று பார்த்து நின்றது.
கதவைத் திறந்து வைத்து நுளம்பு அடித்தபடி
வறுத்த கச்சான் கோதுடைத்துத் தின்றோம்.
கடலில் ஏழெட்டு விளக்கு,
ஒன்று மட்டும் கொஞ்சம் மங்கல்.
அதுதான் எங்கட என்றான்.
“எப்பிடித் தெரியும்?”
“அரைவாசிதானே ஏத்தினீ.”

இரண்டு மணிக்கு நேவி.
டோர்ச் வெளிச்சம் கட்டிலில் ஏறி
அடுப்பில் இறங்கி
என் முகத்தில் நின்றது.
“இங்க என்ன?”
அதற்குச் சரியான விடை
எந்த மொழியிலும் என்னிடம் இல்லை.
இருக்கிறோம் என்றேன்.
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
மற்றவன், மீசை இன்னும் கறுக்காதவன்,
உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டான்:
“குடிக்க, குளிக்க, தண்ணி இருக்கா?”
“பதினொரு லீற்றர்.”
விசாரணையில் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன்.
சிரித்தது அவன்தான்.

நான்காம் நாள் கிளம்புவது என்று முடிவு.
குழிகளை மூடி,
கச்சான் கோது வரைக்கும் பொறுக்கிக் கட்டினேன்.
முன்பொருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனோம்.
இம்முறை ஒன்றையும் விடாமல்.
சில்லுத் தடத்தை மட்டும்
காற்றிடம் கொடுக்கலாம்.

மிதிபலகையில் மஞ்சள் கான் ஒன்று.
வாய்வரை கிணற்றுத் தண்ணீர்,
மூடிக்கு மேல் உப்புத் தூவிய இரண்டு பாரைக் கருவாடு.
எப்போது வைத்துவிட்டுப் போனாரோ.

கொப்பியை எடுத்தேன்.
முதல்நாள் கோடு போட்டபோது
செலவு, மீதி என்று இரண்டு நிரல்தான் கீறியிருந்தேன்.
இதை எங்கே எழுதுவது?
பவித்திரன் பேனையை வாங்கி
ஓரத்தில் ஒரு மீன் கீறினான்.
மோசமான மீன்.

தண்ணீரைத் தாங்கியில் ஊற்றியாயிற்று.
கானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
வாடியில் ஒரு நாய் மட்டும்.
தோணி இன்னும் கரைக்கு வரவில்லை.

அடுப்பை மறுபடி இறக்கினேன்.
தேத்தண்ணிக்கு
மூன்று கோப்பை அளந்தேன்.