ஒன்பதாம் தூண்

மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் அடிவயிற்றில்
கயிற்றில் தொங்கியபடி சிமெண்ட் பூசுவது என் வேலை.
பொட்டு ஈரம் கண்டாலும் அடைக்க வேண்டும்.

மேலே,
இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக்
கால்வாய் வெள்ளம் போகிறது, எங்களைத் தொடாமல்.
கீழே, இருபத்தெட்டுத் தூண்களுக்கு நடுவில்
கடல் விழுங்கிய இனயமும் குறும்பனையும் கொட்டில்பாடும்
பாய் விரித்துக் கிடக்கின்றன.
அந்தக் காலத்தில் இத்தனை அடி தள்ளி நில் என்று
தரையில் அளந்தார்களாம்.
இப்போது செங்குத்தாக அளக்கிறார்கள்:
நூற்றுப்பதினைந்து.

நிழலுக்கும் வாடகை உண்டு.
நிழல் நகரும்.
பாயைச் சுருட்டிக்கொண்டு நாங்களும்.

ஓவர்சியருக்கு நல்ல கண்.
பாசி பச்சை காட்டினால் அங்கே ஒழுக்கு என்று அறிவார்.
ஆகவே ராத்திரியில் ஏறிப் பாசியைச் சுரண்டினோம்.
சுரண்டியதைத் தின்றோம்.

ஒன்பதாம் தூண் பிலவேந்திரனுக்கு.
அவன் மகள் ஜெனோவா
வாயைத் திறந்து மல்லாந்து படுத்திருப்பாள்.
துளிக்கும் துளிக்கும் இடையில் நாற்பது எண்ணலாம்.
அவள் எண்ணக் கற்றதே அப்படித்தான்.
நாற்பதுக்கு மேலும் எண் உண்டென்று
அவளுக்குத் தெரியாது.

முதல் மாதம்
மணலைக் கூட்டிச் சிமெண்டைக் குறைத்துப் பூசினேன்.
எட்டாம் நாள் உதிர்ந்தது, துளி திரும்பி வந்தது.
தெய்வமே என்று என் காலைப் பிடித்தார்கள்.
மிச்ச சிமெண்டை மேல்கரைக் காவலாளியிடம் கொடுத்து
இரண்டு மூடு மரச்சீனி வாங்கினேன்.

இரண்டாம் மாதம் ஐந்தாம் தூண் நேசபாய்
தானாகவே ஒரு துண்டுக் கருவாடு தந்தாள்.
நான் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம்
கேட்டேன்.

இதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பதையும்
சொல்லிவிடுகிறேன்.

இப்போது என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
தூண் எண், துளிக் கணக்கு, பாக்கி.
வள்ளத்தில் ஒன்றாகத் துடுப்புப் போட்டவர்கள்
என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார்கள்.
உட்காருங்க மக்கா என்று சொல்ல வாய் வரும்.
சொன்னதில்லை.

பிலவேந்திரன் கடைசியாகத் தந்தது கழுத்து ஜெபமாலை.
அதற்கு நாலு நாள் எழுதினேன்.

ஐந்தாம் நாள்
ஒன்பதாம் தூணுக்கு மேல் கயிற்றில் நின்றேன்.
நல்ல கலவை. ஒன்றுக்கு மூன்று.
கரண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.
"அதாக்கும் வேலை" என்றார் மேலிருந்து ஓவர்சியர்.
முதல்முறையாக என் பெயரைக் கேட்டார்.
சொன்னேன்.
எழுதிக்கொள்ளவில்லை.

பள்ளத்திலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல்
மேலே ஏறி வருவது சத்தம் ஒன்றுதான்.
பிள்ளை எண்ணிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
நாற்பது.

நாற்பது.

நாற்பது.