வெளியூர் வேகன்கள்

பிப்ரவரியில் நிலவறைக்குள் தண்ணீர் புகுந்தது.
கீழ்த்தட்டில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு மேலே ஓடினேன்.
இப்போது சமையல் மேசை மேல், நாற்காலிகள் மேல்,
ரொட்டி சுடும் அடுப்புக்குள்ளும்கூட
பதினான்கு ரயில் கம்பெனிகள்.

எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில்
அமெரிக்கா முழுவதும் என் வீட்டில் கிடக்கிறது.
நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

ஆர்லன் விட்டும் வந்து பார்த்தான்.
ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே மாதம் என்று விரதம் காப்பவன்.
அவன் மேசையில் எப்போதும் ஐம்பத்தாறு அக்டோபர்.
பஞ்சில் செய்த மேப்பிள் மரங்களுக்குக்கூட
நவம்பருக்குப் போக அனுமதியில்லை.
"ஏதாவது ஒன்றைப் பிடி, மார்லிஸ். மிச்சத்தை விற்றுவிடு."
ஒரு டப்பாவையும் அவன் தொடவில்லை.
அம்மை கண்ட வீட்டுக்கு வந்தவன் மாதிரி
கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே நின்றான்.

எதைப் பிடிக்க?
கிரேட் நார்தர்ன் என்றால் பாறை மேல் நிற்கும் அந்த ஆடு.
வெஸ்டர்ன் பசிபிக் என்றால் ஒரு இறகு.
சான்டா ஃபே என்றால் சிவப்பு முகம், வெள்ளி உடம்பு,
நான் பார்த்தேயிராத பாலைவனத்தின் வெயில்.
ஒரு ஆட்டுக்காக ஒரு ரயிலையே வாங்கியவள் நான்.
என்னிடம் போய் நியாயம் கேட்டால்?

அறுபத்திரண்டிலிருந்து எண்பது வரை
விஸ்கான்சினில் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
தண்டவாளம் வந்தால் நிறுத்த வேண்டும்.
கதவைத் திறந்து, ஜன்னலை இறக்கி,
காது கொடுத்துக் கேட்டபின்தான் கடக்க வேண்டும்.
புல்ஸ்ரூட் பால்பண்ணையைத் தாண்டினால்
களைக்கு நடுவே ஒற்றைத் தண்டவாளம்,
பிளாக் ரிவர் அண்ட் வெஸ்டர்ன்.
அங்கே பதினெட்டு வருடம், காலையும் மாலையும்
கதவைத் திறந்து மூடியிருக்கிறேன்.
ரயில் வந்தது ஒன்பது தடவை.

வராத நாட்களில் குளிர்தான் படியேறி உள்ளே வரும்.
நாற்பது பிள்ளைகளும் ஒரு மூச்சு நேரம் வாயடைத்துப்போவார்கள்.
முன் இருக்கையில் டாக்னி ஓக்னெஸ்
எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வாள்: "வராது."
ஒருநாள் வந்தது.
மங்கிய பச்சை எஞ்சின்,
புல்லை உராய்ந்துகொண்டு, நடக்கிற வேகத்தில்.
அவள் கண்ணாடியில் விரல் வைத்து ஒவ்வொன்றாய் எண்ணினாள்.
பதினொரு வேகன்.
பள்ளிக்கு ஏழு நிமிடம் தாமதம்;
ஒருத்தரும் அவசரப்படவில்லை.

அந்தக் கம்பெனியை எவரும் மாடலாகச் செய்வதில்லை.
கடைக்காரருக்குப் பெயரே தெரியவில்லை,
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.
வண்ணம் பூசாத எஞ்சின் ஒன்றை வாங்கிவந்தேன்.
ஐந்து பச்சை கலந்தேன், ஐந்தும் பொய்.
ஆறாவதில் கொஞ்சம் சாம்பல் சேர்ந்தது.
தூரிகையை அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

"அதுதான் ஒழுங்கு" என்றான் ஆர்லன்.
அவனிடம் ஒன்றைச் சொல்லவில்லை.
அந்தப் பதினொரு வேகன்களில் ஒன்றுகூடப் பச்சை இல்லை.
எல்லாம் வெளியூர்ப் பெட்டிகள்.
எங்கோ மாவு ஏற்றி, எங்கோ காகிதம் இறக்கி,
சொந்தத் தண்டவாளத்தைவிட்டு வெளியே இருக்கும் நாளுக்கெல்லாம்
முதலாளிக்கு வாடகை ஈட்டிக்கொண்டு
ஊர் மேயும் பெட்டிகள்.
ஆகவே ஆடு வரலாம்.
இறகும் வரலாம்.
மாவு கொண்டுவந்தது என்று சொன்னால் யார் மறுப்பது?
ஒரு ராத்திரிக்குள் பத்துக் கம்பெனிகளை
இப்படி உள்ளே விட்டேன்.
மூன்றை விற்றேன், வருத்தமில்லை.

சிவப்பு முகத்துக்குத்தான் சாக்கு கிடைக்கவில்லை.
பயணிகள் எஞ்சின்.
பால்பண்ணைக் களைக்குள் அதை இழுத்துவர
எந்தப் பொய்யும் நீளவில்லை.
தேவாலயக் கூடத்து விற்பனையில்
மேசைமேல் வைத்து விலைச்சீட்டு எழுதினேன்.
முந்நூறு டாலர்.
நாற்பதுக்குமேல் போகாது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.
ஆர்லன் சீட்டைப் படித்தான்,
என்னைப் பார்த்தான்,
காப்பி வாங்கப் போய்விட்டான்.

மூன்றாவது வருடமாக எடுத்துப்போய்
எடுத்துவருகிறேன்.
போன முறை முந்நூற்றைம்பது ஆக்கினேன்.