நான்காம் பாகம்

ஹெலிகாப்டரில் ஆளுக்குப் பதினோரு கிலோதான்.
கம்பளி உள்ளாடை, பல்துலக்கி, மகளின் படம் போக
மிச்ச எடைக்குப் புத்தகம்.
மெலிந்த நூல்களை யாரும் கொண்டுவருவதில்லை.
இரண்டு வார இரவுப் பணிக்குச்
செங்கல் தடிமனில் ஒரு ராஜ்ஜியமாவது வேண்டும்.

ஷெட்லாண்டுக்குக் கிழக்கே, வடகடலில்
நான்கு இரும்புக் கால்களில் நிற்கிறது எங்கள் எண்ணெய் மேடை.
தேநீர் அறையில், தீயணைப்பானுக்கு மேலே, ஒரே ஓர் அலமாரி.
அதில் ஹெஸ்தர் குவில்லியம் எழுதிய 'ஒன்பது தாழ்ப்பாள்'.
எட்டுப் பாகம் முடித்துவிட்டு அந்த அம்மாள் கண்மூடிவிட்டார்.
நான்காவதைத் தின்றது கடல் என்று
டோர்மட் சத்தியம் செய்கிறான்.
ஜனவரிப் புயலில் மேல்தளத்தில் வாசித்தவன் எவனோ
கம்பியைப் பிடிக்கப் புத்தகத்தை விட்டானாம்.

புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், எதை வாசிக்கலாம்?
நான் கிரேன் ஓட்டுகிறவள்,
தூக்கிப் பார்த்ததைத்தான் சொல்வேன்.
முதல் பாகத்தில் அறுபது பக்கம் பல்லைக் கடித்துக்கொள்.
வம்சாவளியும் வரைபடமும் வாசல் நாய்கள்,
குரைக்கும், கடிக்காது.
அறுபத்தோராம் பக்கத்தில் பாலத்துக்காரி ஓர்செல் வருவாள்,
ஆற்றிடமே சுங்கம் கேட்பாள்.
அதற்கப்புறம் ஷிஃப்ட் மணி அடித்தாலும் உனக்குக் கேட்காது.

மூன்றாம் பாகம் முடியும்போது அவளுக்கு இரண்டு கைகள்.
ஐந்தாம் பாகம் தொடங்கும்போது ஒன்று.
இடக்கை இருந்த இடத்தில் வெள்ளிக் கொக்கி.
தோளில் ஒரு நரி.
நரி அவளைத் 'திருடி' என்று கூப்பிடுகிறது,
அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

அந்த இடைவெளியில் ஆறு வருஷம்
குடியிருந்தோம் நாங்கள்.

மருத்துவ அறை இஷ்பெல் சொன்னாள்: பனிக்கடி.
அழுகும் முன் எடுத்திருப்பார்கள், கதையே இல்லை.
டோர்மட் லூயிஸ் தீவுக்காரன், அவனுக்கு எல்லாமே கடன் கணக்கு.
ஆறு அவளைக் காப்பாற்றியது,
கைமாறாகக் கையையே கேட்டது என்பான்.
கெடான்ஸ்கிலிருந்து வந்த வெல்டர் ஸ்லாவெக்
இடக்கையில் இரண்டு விரல் இல்லாதவன்.
மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வான்:
அவளேதான் வெட்டினாள். எதிலோ மாட்டியிருந்தது.
மாட்டினால் யோசிக்க நேரமிருக்காது, உங்களுக்கு என்ன தெரியும்.
நரிக்கு மட்டும் யாரிடமும் பதிலில்லை.

போன அக்டோபரில், அபர்டீனில், மழைக்கு ஒதுங்கிய
தர்மக் கடையில்,
ஒரு காலில்லாத நாற்காலிமேல் அது கிடந்தது.
நான்காம் பாகம். ஒன்றரை பவுண்டு.
அட்டையில் ஓர்செல் முதுகு காட்டி நிற்கிறாள்,
கைகள் தெரியவில்லை.
பேருந்தில் மடியில் வைத்திருந்தேன், திறக்கவில்லை.
பயமா என்று கேட்டால், ஆமாம்.
அதன் எடைக்கு ஒரு டப்பா பிஸ்கட்டை வீட்டிலேயே விட்டு வந்தேன்.

தேநீர் அறையில் கை தூக்கி ஓட்டெடுத்தோம்.
வாசிக்க நான்கு பேர், வேண்டாமென்று ஏழு.
தெரிந்துவிட்டால் பிப்ரவரிக்கு என்ன செய்வது என்றான் டோர்மட்.
மஞ்சள் மின்டேப்பால் குறுக்கும் நெடுக்கும் கட்டி
மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே சொருகினேன்.
அலமாரி முதன்முறையாக நிறைந்திருந்தது.
பார்க்கவே என்னவோ போலிருந்தது.

மார்ச்சில் தூசி தட்டும்போது கவனித்தேன்.
டேப் அறுபட்டு, அதன்மேல் புது டேப்,
அதே மஞ்சள், ஆனால் என்னைவிட நேர்த்தி.
நான் யாரிடமும் கேட்கவில்லை.

இஷ்பெல் இன்னும் பனிக்கடி என்கிறாள்.
டோர்மட் இன்னும் வட்டி போடுகிறான்.
ஓர்செல் பேச்சு வந்தால் ஸ்லாவெக் எழுந்துபோய்
கெட்டிலில் தண்ணீர் வைக்கிறான்.
திரும்பி வரும்போது
நான்கு கோப்பைகளையும் இடக்கையிலேயே தூக்கி வருகிறான்,
மூன்று விரலில்,
ஒரு சொட்டும் சிந்தாமல்.