சீட்டின் பின்பக்கம் ஒரு நாடு

பகாவ் சாலையில், செம்பனை மில் வாசலில்
எடைமேடை என் பொறுப்பு.
லோரி ஏறும். எண் நடுங்கும். நிற்கும்.
சீட்டு அடித்துக் கொடுப்பேன்.
பதினோரு வருஷம்.

மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவன் பெயர் தொசூ.
இரட்டையருக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு
அவர்கள் வைக்கும் பெயராம்.
கேன்டீன் பவளக்கொடிக்கு அது தோசையாகக் கேட்டு,
மறுநாளிலிருந்து
"தோசைக்கு ரெண்டு தோசை" என்று கூவுகிறாள்.
அவனும் சிரித்தபடி போய் வாங்குகிறான்.

எந்த நாடு என்றேன்.
பெனின் என்றான், உடைந்த மலாயில்.
என் முகத்தில் எதுவும் தெரியாததைக் கண்டு
வீணாய்ப்போன சீட்டொன்றைத் திருப்பி
பென்சிலால் வரைந்தான்:
கீழே ஒடுக்கம், மேலே அகலம்.
"அகப்பை" என்றேன் தமிழில், எனக்கு நானே.

காம்பு கடலில் நனைகிறது.
நூற்றிருபது கிலோமீட்டர்தான் கரை;
இங்கிருந்து சிரம்பான் போய்த் திரும்பினால் தீர்ந்துவிடும்.
கரைக்குப் பின்னால் உப்பங்கழி,
ஏரிக்குள் கால் ஊன்றிய வீடுகள்,
உப்பு வாங்கவும் படகு.
பிறகு சிவப்பு மண். பிறகு மேட்டு நிலம்.
வடமேற்கில் மலை.
எவ்வளவு உயரம் என்றேன்.
யோசித்துவிட்டு,
"உங்கள் கேமரன் மலைக்கு இடுப்பளவு."
உச்சியில் நைஜர் ஆறு,
அகப்பையின் வாய்விளிம்பாக.

மழை தெற்கே வருஷத்தில் இரு முறை வந்து போகும்,
வடக்கே ஒரே முறை.
மார்கழி தை வாக்கில்
பாலைவனத்திலிருந்து ஒரு காற்று,
ஹர்மட்டான்.
உதடு வெடிக்கும். கதவுப் பலகை சுருங்கும்.
சூரியன் செல்லாக்காசு போல மேலே கிடக்கும்.
நம் புகைமூட்டம் மாதிரியா என்றேன்.
"நிறம் அதுதான். கருகல் வாசம் இல்லை.
அதை யாரும் கொளுத்துவதில்லை."
நான் அடுத்த லோரியைக் கூப்பிட்டேன்.

பிழைப்பு?
பருத்தி. கொஞ்சம் முந்திரி.
துறைமுகத்தில் இறங்குவதில் எத்தனையோ மூட்டை
அவர்களுக்கானதில்லை;
கடலில்லாத வடக்கு நாட்டுக்கும்
கிழக்கே இருக்கும் பெரிய நாட்டுக்கும் போகிறது.
அந்தப் பெரிய நாடு எல்லையைச் சாத்தியபோது
அவன் அண்ணனின் தக்காளி கூடையோடு அழுகியது.
சாலையோரம் புட்டிகளில்
கள்ளப் பெட்ரோல் விற்ற மாமன்
மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு
மோட்டார்சைக்கிள் டாக்சி ஓட்டப் போனார்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.
இவர்கள் சட்டியோ
அடுத்த வீட்டு அடுப்பில்.

நடுப்பகலில் ஞானப்பிரகாசத்தின் லோரி, குலை ததும்ப.
தொசூ ஒரு பழம் பிய்த்து நகத்தால் கீறினான்.
அவன் ஊரில் யாரும் நடாமலே முளைக்கும் மரமாம் இது.
அம்மா எண்ணெயைச் சிவப்பாகவே
குழம்பில் ஊற்றுவாளாம்.
நாங்கள் அதை வெளுத்து, வாசம் போக்கி,
எவருடையதுமில்லாத நிறமாக்கிக் கப்பலேற்றுகிறோம்.
அது அவன் தெருமுனைக் கடையில் போய் நிற்கிறது,
மஞ்சள் டின்னில், மலேசியா என்று நெற்றியில் எழுதி.
"வாங்குவீர்களா?"
"மலிவாயிற்றே."

"இப்போது நீ வரை" என்று
பென்சிலை நீட்டினான்.
வரைந்தேன். வாழைப்பூ போல் தொங்கியது.
பகாவுக்கு ஒரு புள்ளி வைத்தேன்,
கொஞ்சம் பெரிதாகவே.
"மீதிப் பாதி?"
சபா. சரவாக்.
சீட்டு முடிந்துவிட்டது.
நான் அங்கே போனதுமில்லை.
மேசைமேல் தொடரலாமா என்று
பென்சிலைப் பிடித்தபடி இருந்தேன்.

மழை பிடித்தது.
இங்கே அதற்குத் தவணை கிடையாது.
நனைந்த குலைக்கு எடை கூடும் என்று
தார்ப்பாயை மடியில் வைத்துக்கொண்டு
அடுத்த டிரைவர்
மெள்ள, மிக மெள்ள
மேடை ஏறிக்கொண்டிருந்தான்.