முதல் நடைக்கு முன்னால்

பாபநாசத்தில் அஞ்சு நாற்பதுக்கு வண்டி எடுக்கணும்.
நாலரைக்கே எழுந்து
வெறும் வயிற்றில் விழுங்குவேன்.
இருபது வருசமாக டிக்கெட் கிழிக்கிற கை,
மாத்திரை அட்டையைக் கிழிக்கத் தடுமாறும்.

மூணு மாத்திரை.
ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு மருந்து.
பிடிக்காததை மட்டும் ஒதுக்க வழியில்லை.
பேச்சித்தாயின் அண்ணன்மார் நாலு பேர் மாதிரி
வந்தால் சேர்ந்துதான் வருவார்கள்,
போகச் சொன்னாலும் சேர்ந்துதான் போவார்கள்.

முதல் மூணு வாரம் வீட்டில்.
முதலாளியிடம் மஞ்சக்காமாலை என்றேன்.
திரும்பி வந்ததும் டிரைவர் மைதீன் பிச்சையிடம்
கேஸ் டிரபுள் என்றேன்.
நாற்பத்தாறு கிலோ கேஸ்.

வீரவநல்லூர் ஆஸ்பத்திரி ஜெபக்கனி
முதல் நாளே சொல்லியிருந்தாள்:
"மூத்திரம் செவப்பாப் போகும், ரத்தம்னு பயந்துராதிய.
கண்ணு மஞ்சளிச்சா, சோத்தைக் கண்டாலே கொமட்டுனா
அன்னைக்கே வாங்க.
பச்சையும் செவப்பும் கொழம்புனாலும் வாங்க.
கால் மரத்தாலும் சொல்லணும்.
வேற எந்த மாத்திரையும்
எங்கிட்டக் கேக்காமத் திங்கப்பிடாது."
"எப்பவாச்சும் ஒரு குவாட்டர்?"
எடை மெஷினைத் துடைத்துக்கொண்டே
"ஈரல் ஒண்ணுதான் இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

அதிலிருந்து தினமும்
தோல்பையில் டிக்கெட் அடுக்கும்போது
கண்ணைச் சோதித்துக்கொள்வேன்.
பத்து ரூபாய் ரோஸ்,
பதினைந்து பச்சை,
இருபது சிவப்பு.
சரி, இன்றைக்கும் மாறவில்லை.

ரெண்டு மாசம் கழித்துச் சளி சோதித்தார்கள்.
எடை ஐம்பது தாண்டியிருந்தது.
"இனிமே உள்ளே மூணு மருந்துதான்" என்று
புது அட்டையைக் கொடுத்தாள்.
எண்ணினேன், ஒரு நாளைக்கு நாலு மாத்திரை.
"என்ன இது? சீக்கு கொறஞ்சா
மாத்திரையும் கொறையாண்டாமா?"
"சீக்கு கொறஞ்சிருக்கு,
நீங்க கூடியிருக்கீய."

நாலாம் மாசம் இருமல் சுத்தமாக நின்றது.
ஊரில் கோவில் கொடை.
கறிச்சோறு, மச்சினன்மார், பாட்டில்.
நாளையிலிருந்து வேண்டாம், கொடை முடியட்டும் என்று
முடிவு பண்ணிவிட்ட அன்றைக்கு
அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு மூத்திரக் கொட்டகை.
வெள்ளைப் பீங்கானில்
செங்காமட்டைத் தண்ணி மாதிரி ஓடுகிறது.
கையால் மறைக்கவா முடியும்?

பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்தார்.
தலையில் சிமெண்டு தூசி.
"எத்தனாவது மாசம்?"
வேட்டியை இறக்கிவிட்டு "நாலு" என்றேன்.
அவர் தலையைத் திருப்பி
வலது காதைக் கொண்டுவந்தார்.
"நாலு" என்றேன் மறுபடியும், சத்தமாக.
கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும்.
"நான் நாலுலதான் விட்டேன்.
இருமல் போயிருச்சில்லா.
பொறவு வந்துச்சு பாருங்க, பழைய மருந்துக்கு மசியல.
ஒண்ணரை வருசம், தெனம் ஊசி.
இந்தக் காது அதுல போனது."

வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார்.
சேரன்மகாதேவிக்கு ஒரு டிக்கெட்.
மீதி அஞ்சு ரூபாய்க்குச் சில்லறை இல்லை,
டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.
நிறுத்தத்தில் அவர் பாட்டுக்கு இறங்கிப் போகிறார்.
"அண்ணாச்சி, மீதி! மீதி வாங்கலயே!"
இடது பக்கம் இருந்து கூப்பிட்டிருக்கிறேன்.

கிளம்பின வண்டியை விசிலடித்து நிறுத்தி,
குதித்து ஓடி,
காயிதக் கடை தாண்டித் தோளைத் தொட்டு
காசைக் கையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.
மூச்சு வாங்கவில்லை.
படியில் ஏறின பிறகுதான் அது உறைத்தது.

மைதீன் பிச்சை கண்ணாடியில் முறைத்தான்.
"அஞ்சு ரூவாய்க்கா வே வண்டியை நிறுத்துனீரு?
யாரு அந்த ஆளு?"

"அவருக்கும் கேஸ் டிரபுள்" என்றேன்.

ரெண்டு விசில்.
வண்டி போனது.
கொடை முடிய ஆறு நாள்,
அட்டை முடிய அறுபத்தொன்று.