திகதி போடாத கடிதம்

பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை
செலஸ்தீன் என் மேசையில் ஒரு கடிதம் வைத்தான்.
நாலு வரி. முழங்கால். ஓய்வு. நன்றி.
மூன்றாம் வரியில் ஓர் எழுத்துப் பிழை.
திகதி இல்லை.

திகதி இல்லாத கடிதம் என்றால்
கழகச் செயலாளருக்கு
தோணிக்குள் தானாய்த் துள்ளி விழுந்த பாரைமீன்.
லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.
"பதினொரு நாள் பொறு.
ஆள் மாற்றத்துக்குக் கடைசித் தவணை முடியும்வரை
நீ இன்னும் விளையாட்டுக்காரன்."
"மெய்யே?" என்றான்.
"மாடிப்படி இறங்கேலாத விளையாட்டுக்காரன்."

எங்களிடம் உயரம் குறைவு.
கிண்ணியா ஹஸ்மி ஒருவன்தான் நெட்டை.
நாலாவது தவறுக்கு அவனை வெளியே எடுத்தால்
கூடைக்குக் கீழே
கதவில்லாத வீடு.
மட்டக்களப்பில் பல்தசார் இருந்தான்:
ஆறடி எட்டு, முப்பத்துமூன்று வயது,
வாங்கில் இருந்தே தேய்ந்த காற்சட்டை,
ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம்.
அந்த இரண்டு வருடம் அவர்களுக்குக் கழுத்தில் கல்.
எனக்கு அந்தக் கழுத்து தேவைப்பட்டது.
செலஸ்தீனின் ஒப்பந்தம் ஆடியில் முடிகிறது.
அவர்கள் வாங்கியது அந்த ஆடி மாதத்தை.

டொக்யார்ட் வீதிக் கடையில்
தேத்தண்ணி ஆடை கட்டும்வரை தொலைபேசியில் பேரம்.
"முழங்கால் எப்படி?"
"அது வராது, தாள்தான் வரும்."
அந்தப் பக்கமும் சிரித்தார்கள்.
பதினான்கு வருடம் எங்களுக்காக ஓடியவன்
ஓடாமல் கொண்டுவந்ததுதான் ஆகப் பெரிது.
இதை அவனிடமே சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

பல்தசார் வந்த அன்று எனக்குக் கூட்டம்.
யாரும் கேட்காமலே
பஸ் நிலையத்துக்குச் செலஸ்தீன் போனான்,
மோட்டார் சைக்கிளில்.
உட்துறைமுக வீதியில் கண்டவர்கள் சொன்னார்கள்:
பின்னால் இருந்தவனின் முழங்கால்கள்
முன்னால் இருந்தவனின் முழங்கைகளைத் தொட்டனவாம்.
நடுவில் பயணப்பை.
மானொன்று குறுக்கே நின்று
ஆறுதலாகப் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டதாம்.
என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன்.
"கட்டில்," என்றான்.
"கால் நீட்ட இடமில்லையாம். ஓடாவியிட்ட கூட்டிப் போனனான்."

வைகாசியில் மட்டக்களப்பு அணி எங்கள் திடலுக்கு வந்தது.
புள்ளித்தாளில் விருந்தாளிகளின் பட்டியல்,
பன்னிரண்டாவது பெயர்:
அ. செலஸ்தீன், இலக்கம் ஏழு.
கடிதத்தை அவர்களும் ஏதோ ஒரு லாச்சியில் வைத்திருந்தார்கள்.
நடுவர் கேட்டார், "ஏழு எங்க?"
ஏழு மூன்றாம் வரிசையில்
எங்கள் நீலச் சட்டையோடு
கச்சான் உடைத்துக்கொண்டிருந்தான்.
'வரவில்லை' என்று எழுதினேன்.
என் கையெழுத்து அன்று மட்டும் அழகாக வந்தது.

பல்தசார் ஆடியது ஆறு நிமிடம்.
மூன்று தவறு. ஒரு தடுப்பு.
ஒரு பந்தை மட்டும்
மேல்தட்டிலிருந்து பால்மா டின் எடுப்பதுபோல
எட்டி எடுத்தான், அவசரமில்லாமல்.
ஏழு எழும்பிவிட்டான்.
மடியிலிருந்து கோது கொட்டியது.
தாளின்படி சொல்வதானால்
தன் அணி பந்தை இழந்ததற்குக்
கைதட்டினான்.

ஐந்து புள்ளியால் தோற்றோம்.
விளக்கணைத்துப் பூட்டும்போது வாசலில் நின்றான்,
ஒரு காலில் பாரத்தைப் போட்டபடி.
"நாளைக்குக் கட்டில் வருது. தூக்க ஆள் வேணும்."
"எனக்கு நாரிப்பிடிப்பு," என்றேன்.
"அப்ப கடிதம் எழுதித் தா," என்றான்.
"திகதி போடாத."