நாற்பது பக்க நோட்டு

போனில் பேசினால் சண்டைதான் வரும்,
எழுதி வையுங்கள் என்றார் வக்கீல்.
கோமுவின் பைக்குள் அப்படித்தான் வந்தது
நாற்பது பக்கம், கோடு போட்டது,
பின்னட்டையில் வாய்ப்பாடு.

வெள்ளி சாயங்காலம் அம்பாசமுத்திரம் ஸ்டேஷன்.
செங்கோட்டை வண்டி ரெண்டு நிமிஷம் நிற்கும்.
நான் இறங்குவேன், செண்பகராமன் ஏறுவான்,
பிள்ளை ஜன்னலோரம் அப்படியே இருப்பாள்.
படிக்கட்டில் எங்கள் மொத்தப் பேச்சும்
ஒரு 'ஆங்', ஒரு 'சரி'.
மிச்சம் நோட்டில்.

வீட்டுப்பாடம் பாக்கி.
நகம் வெட்டவில்லை.
ஒற்றைச் செருப்புதான் வந்தது.
குற்றப்பத்திரிகை மாதிரி எழுதுவான்.
நானும் சளைத்தவள் இல்லை.

ஆவணியில் கையெழுத்து மாறியது.
உருண்டை உருண்டையாய்,
கோட்டில் உட்காராமல் மிதக்கிற எழுத்து.
லதிகா, புனலூர்க்காரி,
அவன் கட்டிக்கொண்டு வந்து மூன்று மாதம்.
பேசத் தமிழ் வரும். எழுதத்தான்
கோமு சொல்லிக் கொடுக்கிறாளாம்.

"ஏளா, சித்தின்னு கூப்பிடச் சொன்னாளா?"
"இல்லம்மா, லதிகான்னுதான் கூப்பிடுதேன்.
அவங்க 'ஞ' என்னைவிட அழகா போடுவாங்க."

முதலில் கேட்டாள் நோட்டில்:
அவர் சொதி கேட்கிறார். எப்படி வைப்பது?
கல்யாணத்துக்கு மறுநாள்
மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் வைத்த சொதி.
அதை என்னிடமே கேட்கிறாள்.
பக்கத்தைத் திருப்பினேன்.
பதில் எழுதவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு:
நேற்று ராத்திரி நல்ல பனி. கோமுவைப் பார்த்துக்கொள்ளவும்.

மலையடிவாரம், மார்கழி மாசம்,
பனி பெய்யாமல் பின்னே வெயிலா அடிக்கும்?
எனக்குச் சிரிப்பு வந்தது.
திங்கள் காலை ஸ்வெட்டர் மாட்டி
பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.
பதினோரு மணிக்கு டீச்சர் போன்.
நூற்று மூன்று.

வண்ணார்பேட்டை மருந்துக்கடையில்
பகலெல்லாம் காய்ச்சல் மாத்திரை
எண்ணிக் கொடுக்கிறவள் நான்.
என் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கவில்லை.
அந்தக் கோபத்தை யாரிடம் காட்ட?
சிவப்பு மையில் எழுதினேன்:
காய்ச்சல் என்று ஒரு வார்த்தை எழுதக் கை வராதா?
ரெண்டு கோடு, அடியில்.

மன்னிக்கணும் என்று மட்டும் வந்தது.
அதன்பின் அவள் எழுத்து சிறுத்துப்போனது,
கோட்டுக்கு மேலே எழும்பவே இல்லை.

பங்குனி மத்தியானம். தார் உருகுகிற வெயில்.
கடைக்கு வந்த ஒரு நர்ஸ், கோட்டயம் பக்கத்துப் பெண்,
தோளில் சாய்ந்த குழந்தையைக் காட்டி,
"சேச்சீ, பனிக்கு மருந்து."

பனிக்கா?

நெற்றியில் புறங்கை வைத்துக் காட்டினாள்.

சில்லறை எண்ணும்போது
மூன்று தடவை தப்பாய் எண்ணினேன்.

அன்று ராத்திரி நோட்டைப் பிரித்தேன்.
நாலு பக்கம்தான் மிச்சம்.
தேங்காய்க்கு மூன்று பால் எடுக்கணும்.
மூன்றாம் பாலில் காய்கறி வேகட்டும்.
முதல் பால் கடைசியில்தான்.
அதை ஊற்றிய பிறகு கொதிக்கவிடாதீங்க, திரிந்துவிடும்.
எலுமிச்சம்பழம் அடுப்பை அணைத்த பிறகு.
தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.

அதற்குக் கீழே
மார்கழியில் நான் எழுதியது என்று தொடங்கி
அடித்துவிட்டேன்.
அடித்தாலும் வாசிக்கிற மாதிரிதான் அடித்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தது பதில்,
உருண்டை உருண்டையாய்,
கோட்டுக்கு மேலே:

ரெண்டு தடவை திரிந்தது. மூன்றாவது சரியாச்சு.
கோமு பச்சடி தொடவில்லை.
அவளுக்குப் பனி இல்லை.

இருந்தாலும்
தொட்டுப் பார்த்தேன்.